ரப்பர் பேண்டு போட்ட பாட்டில்

எல்லாம் சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் முகம் மாறிவிடும். கெட்ட செய்திக்கு அப்படி ஆகாது. "பஸ் வராதாம், ரோட்டுல மறியல்" என்று சொல்லுங்கள், "அப்படியா, சரி, நடப்போம்" என்று பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதே பஸ் நேரத்துக்கு வந்து, உட்கார இடத்தோடு நின்றால்தான் ஏறத் தயங்குவார். "ஏன்ப்பா காலியா வருது? பாதில எறக்கி விட்டுடுவானோ?" என்று என்னிடம் கேட்பார். ஏறிய பிறகு கண்டக்டரிடமும் கேட்பார். ஒருமுறை ஒரு கண்டக்டர், "கூட்டமா வந்தா திட்றீங்க, காலியா வந்தா சந்தேகப்படுறீங்க, நாங்க இன்னாதாம்மா பண்றது?" என்று அலுத்துக்கொண்டார். அந்தக் கேள்வியைப் பிறகு வேறு பலரும் வேறு வேறு வார்த்தைகளில் அவரிடம் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மருந்து கம்பெனியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். எனக்கு மாடியில், தர உறுதிப் பிரிவில் வேலை. அறிக்கைகளில் தேதி சரியா, கையெழுத்து எதுவும் விட்டுப்போயிருக்கிறதா, கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அவர் கீழ்த்தளத்தில் சோதனை அறை ஒன்றுக்குப் பொறுப்பு. என்னைவிடச் சில வயது மூத்தவர். வேதியியலில் முதுகலை படித்தவர். பிறந்ததும் வாக்கப்பட்டதும் அயனம்பாக்கத்தில்தான். நான் பிறகு அந்த வேலையை விட்டுப் பத்திரிகைக்குப் போனேன். அங்கே எதை எழுதினாலும் பெயர், வயது, ஊர் கேட்பார்கள். இவரைப் பற்றி எழுதும்போது ஊர் மட்டும் போதும் என்று நினைக்கிறேன்.

எங்கள் கம்பெனி மாத்திரை செய்வதில்லை. கேப்ஸ்யூலுக்குள் அடைக்கும் சின்னஞ்சிறு உருண்டைகளைச் செய்தது. பெல்லட் என்போம். ஜவ்வரிசியைவிடச் சிறியவை, கடுகு மாதிரி இருக்கும், வெள்ளையாக. ஒவ்வொரு உருண்டையின் மேலும் மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. உள்ளே போன மருந்து மெதுவாக, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதற்குக் காரணம் அந்தப் பூச்சுதான். அதில் விரிசல் விட்டால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். ஆகவே அனுப்புவதற்கு முன்னால் உருண்டைகளைப் பாடுபடுத்திப் பார்க்க வேண்டும். அதுதான் அவர் வேலை. சல்லடை அடுக்கில் போட்டு ஆட்டுவார். புனல் வழியாகக் கொட்டி, குவியல் எப்படிச் சரிகிறது என்று பார்ப்பார். ஒற்றை உருண்டையை எடுத்து இரண்டு தாடைகளுக்கு நடுவே வைத்து, எவ்வளவு அழுத்தினால் நொறுங்குகிறது என்று அளப்பார். கடைசியில் ட்ரம்.

ட்ரம் என்பது தட்டையான, கண்ணாடி போலத் தெரியும் ஒரு டப்பா. மோட்டாரில் சுற்றும். பெல்லட்டை மட்டும் அதில் போட்டு உருட்டினால் ஒன்றும் ஆகாது, அவ்வளவு இலேசு. அதனால் கூடவே கண்ணாடி மணிகளைப் போடுவார்கள். மணிகள் மோதி மோதி, பலவீனமான உருண்டைகள் உடையும், பூச்சு உதிரும். பிறகு மணிகளையும் தூளையும் சல்லடையில் பிரித்துவிட்டு, மிஞ்சிய பெல்லட்டுகளை நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு உதிர்ந்தது என்று தெரிந்துவிடும். ஒரு வரம்பு உண்டு. அதற்கு மேல் உதிர்ந்தால் அந்த பேட்ச் போகக் கூடாது.

வேலை அவர் விரலில் தங்கிவிட்டது. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதும் எதையோ உரசிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கடுகை உருட்டுவதுபோல. சாப்பாட்டு மேசையில் பட்டாணியை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். கைப்பையில் கறுப்பு ரவிக்கைத் துணி ஒன்றை மடித்து வைத்திருப்பார். மளிகைக் கடையில் ரவை வாங்கினால், கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் துணியை விரித்து, அதில் ஒரு பிடி கொட்டி, துணியைத் தட்டிவிட்டு, எவ்வளவு மாவு ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார். சோதனை அறையிலும் அதே மாதிரி ஒரு கறுப்புத் துணி உண்டு. விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு துணி கிடையாது. "மெஷின் சொல்றது நம்பர்ப்பா. துணில விழுந்தாத்தான் கண்ணுக்குத் தெரியும்" என்பார்.

ஆட்கள் அவரை 'சல்லடை மேடம்' என்றார்கள். அவருக்கும் அது தெரியும். உருண்டைகளுக்குப் பூச்சு போடும் மெஷினை ஓட்டிய தனசேகர் நேரிலேயே கிண்டல் செய்வார்.

"இன்னா மேடம், பட்டாணியக்கூட ட்ரம்முல போட்டு உருட்டுவீங்க போலகீதே?"

"உருட்டலாம். உன்ன மாதிரி ஆள் வேகவெச்சிருந்தா உருட்டித்தான் பாக்கணும்."

"நம்ம சரக்கு என்னைக்காவது ஃபெயிலு ஆயிக்கீதா? நீங்களே சொல்லுங்க."

"அதான் எனக்குப் பயமே" என்றார் அவர். தனசேகர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய மகன் எட்டாவது படிக்கும்போது கணக்கில் எதிர்பார்க்காத அளவுக்கு நல்ல மார்க் வாங்கினான். வேறு அம்மாவாக இருந்தால் அக்கம்பக்கத்துக்கு சாக்லேட் கொடுத்திருப்பார். இவர் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். விடைத்தாளைக் கேட்டு வாங்கி, ஆசிரியர் மேசையிலேயே உட்கார்ந்து கூட்டினார். கூட்டலில் தப்பு இருந்தது. அதிகமாகப் போட்டிருந்தார்கள். ஆசிரியர் குறைத்துத் திருத்தினார். இதை அவரே ஷேர் ஆட்டோவில் என்னிடம் சொன்னார், ஏதோ கேஸ் சிலிண்டர் மாற்றியதைச் சொல்வதுபோல.

"அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"'எல்லா அம்மாவும் மார்க்க ஏத்தச் சொல்லி வருவாங்க. நீ மட்டும்தாம்மா கொறைக்க வந்த'ன்னான். பேச மாட்டேங்கறான்."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"இப்பதான் நிம்மதியா இருக்கு. அந்த மார்க்க நெனச்சு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல."

இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றும். ஆனால் அவர் பக்கத்தில் தினமும் உட்கார்ந்தால் சிரிப்பு கொஞ்ச நாளில் போய்விடும். எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஆபீசில் எல்லோரும் வாழ்த்தினார்கள். மாப்பிள்ளை வீட்டில் வரதட்சணை, நகை என்று எதுவும் கேட்கவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அவருடைய விரல்கள் உரசத் தொடங்கின.

"ஒண்ணுமே கேக்கலியா?"

"ஒண்ணுமே."

"நல்லா விசாரிச்சீங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். அன்று வீட்டுக்குப் போய் என் அப்பாவை உட்காரவிடவில்லை. அப்பா மறுபடி பூந்தமல்லிக்குப் போய் மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்துவிட்டு வந்தார். ஒரு குறையும் கிடையாது. என் கணவர் நல்ல மனிதர். கல்யாணமாகி இவ்வளவு காலத்துக்குப் பிறகும், அவர் வேலையிலிருந்து நேரத்தோடு வந்து, காபி போட்டுக் கொடுத்து, பாத்திரத்தையும் கழுவி வைக்கிற மாலைகளில், அந்த ஒரு கேள்வி எனக்குள் வந்து போகிறது.

இப்படி ஒரு பயம் எங்கிருந்து வந்தது என்று அறிய முயன்றிருக்கிறேன். சிறு வயதில் ஏதாவது நடந்ததா, வீட்டில் யாரையாவது எதிர்பாராமல் இழந்தாரா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். அப்பா அம்மா நன்றாக இருந்தார்கள். வயலை விற்று வீடு கட்டியவர்கள், யாரும் ஏமாற்றவில்லை. கணவர் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். பட்டறையை மூடிவிட்டார்கள், அதனால் அப்போது வீட்டில் இருந்தார், குடும்பம் இவர் சம்பளத்தில் ஓடியது. பட்டறை மூடிய செய்தி வந்த அன்று இவர் பதறவில்லை என்று அவர் கணவரே என்னிடம் சொன்னார். "நல்லா ஓடிக்கினு இருந்தப்பதாம்மா தெனம் கேப்பா, மூடிடுவாங்களான்னு. மூடினதும் கேக்கறத நிறுத்திட்டா. ஏரி ரொம்பினாலும் பயம், ரொம்பலன்னாலும் பயம் இவளுக்கு" என்றார். ஏரி அவர்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும். காரணம் எதுவும் கிடைக்கவில்லை. காரணம் இல்லாமலும் மனிதர்கள் இப்படி இருக்கலாம் என்று பிறகு விட்டுவிட்டேன்.

அவர் கணவர் வேலையில்லாமல் இருந்த அந்த வருடம் புதிதாக ஒரு மருந்து செய்யத் தொடங்கினோம். வலிப்பு வரும் குழந்தைகளுக்கானது. கேப்ஸ்யூலை விழுங்கத் தெரியாத குழந்தைக்கு அதைத் திறந்து, உருண்டைகளைத் தயிர்ச் சோற்றில் தூவி ஊட்டிவிடலாம். பூச்சு கெட்டியாக இருக்க வேண்டிய மருந்து என்றால் இதுதான். ஒரு பேட்ச் வந்தது. அவர் ட்ரம்மில் போட்டு உருட்டினார். வரம்புக்கு மேல் உதிர்ந்தது. ஃபெயில்.

அப்படி ஆனால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்கு முறை உண்டு. சாம்பிள் எடுப்பவர்கள் ஒவ்வொரு பேட்சுக்கும் இரண்டு பாட்டில் தருவார்கள். ஒன்று சோதனைக்கு, இன்னொன்று மூடியில் டேப் ஒட்டி ரிசர்வ். சந்தேகம் வந்தால் ரிசர்வ் பாட்டிலைப் பிரித்து வேறு ஒருவர் மறுபடி சோதிக்க வேண்டும். மறுநாள் காலை ஷிப்டில் பிரகாஷ் சோதித்தான். ஆவடியிலிருந்து பைக்கில் வருகிற, வேலையில் சுறுசுறுப்பான இளைஞன். பாஸ். சாதாரண பாஸ் இல்லை, கிட்டத்தட்ட ஒன்றுமே உதிரவில்லை. தயாரிப்பு மேனேஜர் அறிக்கையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். எங்கள் பிரிவுத் தலைவர் பார்த்தார், முந்தைய நாள் எடை போட்டதில் ஏதோ பிசகு என்று முடிவானது. கேப்ஸ்யூலில் அடைக்கத் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கீழே மெஷின் ஓடும் சத்தம் என் நாற்காலிக் கால் வழியாக ஏறியது.

அவர் வேலைக்கு வந்ததும் விஷயத்தைக் கேட்டு நேராக என் மேசைக்கு வந்தார்.

"இவ்ளோ நல்லா எப்பிடிப்பா வரும்?"

"பாஸாயிடுச்சுன்னு சந்தோஷப்படுங்களேன்."

"இதுக்கு முன்னாடி எந்த பேட்ச்சாவது இவ்ளோ கம்மியா உதிர்ந்திருக்கா? நீதான எல்லா ரிப்போர்ட்டும் பாக்கறே, சொல்லு."

இல்லைதான். அதைச் சொல்வதற்குள் அவர் தயாரிப்பு மேனேஜரிடம் போய்விட்டார். அந்த அறைக் கதவு திறந்தே இருந்தது.

"சார், அந்த ரிசல்ட் எனக்கு சரியாப் படல."

"எந்த ரிசல்ட்தான் உங்களுக்கு சரியாப் பட்டிருக்கு மேடம்? ஃபெயிலானா தூக்கம் வரலங்கறீங்க. பாஸானாலும் தூக்கம் வரலங்கறீங்க. லாரிய நான் எப்பதான் அனுப்பறது?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். வெளியே இருந்த நாங்களும் சிரித்தோம். அவர் பயப்படாத பேட்ச் ஒன்றையும் அந்தக் கம்பெனி பார்த்ததில்லை. அவர் திரும்பி என் மேசையைக் கடந்து கீழே போனார். கோட் பைக்குள் விரல்கள் அசைவது தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார். இந்தமுறை என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

"ரிசர்வ் பாட்டில். மூடிய பாரு."

மூடியைச் சுற்றி டேப் ஒட்டியபடி இருந்தது. கிழிக்கப்படவில்லை.

"அப்ப பிரகாஷ் எதுல செஞ்சான்?" என்று கேட்டேன்.

அவர் இடது உள்ளங்கையை விரித்தார். அறுந்துபோன ரப்பர் பேண்டு ஒன்று, காய்ந்து, நிறம் வெளுத்து, புழுவைப்போலச் சுருண்டு கிடந்தது.

அவர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ட்ரம்மில் உருட்டி முடித்த பெல்லட்டுகளைச் சிவப்புப் பையில் போட்டு அழித்துவிட வேண்டும் என்பது விதி. அவர் அழிப்பதில்லை. தூளைச் சலித்துவிட்டு, மிஞ்சியதை அது வந்த அதே பாட்டிலில் திரும்பப் போட்டு, கழுத்தில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டி, ட்ரேயின் பின்வரிசையில் வைத்துவிடுவார். என்றைக்காவது யாராவது வந்து 'எங்கே அந்த உருண்டை, காட்டு' என்று கேட்டால் காட்ட வேண்டுமே என்ற பயம். யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. ரப்பர் பேண்டு இருந்தால் ஏற்கெனவே உருட்டியது என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். பிரகாஷுக்கும் தெரியும். முந்தின நாள் அவர் மாட்டியது ஏ.சி.யில் கிடந்து காய்ந்துபோன பழைய ரப்பர் பேண்டு, ராத்திரியே அறுந்துவிட்டது. பிரகாஷ் ட்ரேயைப் பார்த்திருக்கிறான், பேட்ச் எண் சரியாக எழுதிய லேபிளோடு, கழுத்தில் ஒன்றும் இல்லாமல் ஒரு பாட்டில். டேப்பை யாரோ தனக்காகப் பிரித்து வைத்த ரிசர்வ் என்று நினைத்து எடுத்துவிட்டான்.

"நான் உருட்டி முடிச்சதத்தான் அவன் மறுபடி உருட்டியிருக்கான். ஒடையறதெல்லாம் என் கையிலயே ஒடஞ்சிபோச்சு. மிஞ்சினது எல்லாம் கெட்டி. அது எப்பிடிப்பா உதிரும்?"

கையில் கிடைத்த எல்லாவற்றையும் அமுக்கியும் தட்டியும் பார்த்தவர், அந்த ரப்பர் பேண்டை மட்டும் ஒருமுறை இழுத்துப் பார்க்கவில்லை.

கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடதடப்புக்கும் கேப்ஸ்யூல்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. இருவருக்கும் அது கேட்டது.

"சொன்னா என் வேலைக்கே ஆபத்து வந்துடும்" என்றார். "அவரும் வீட்ல இருக்காரு."

நான் பாட்டிலின் டேப்பை விரலால் தடவிப் பார்த்தேன்.

"சந்தேகமா இருக்கு, ரிசர்வ்ல இன்னொரு தடவ பாத்துடலாம்னு மட்டும் சொல்லிப் பாக்கட்டுமா?"

"காலைல அதத்தான சொன்னீங்க."

அவர் உள்ளங்கையை மூடினார். "ஆமா. பயமா இருக்குன்னா சிரிப்பாங்க. தப்பு பண்ணிட்டேன்னாத்தான் எழுந்து வருவாங்க." சொல்லிவிட்டு எழுந்தார். பாட்டிலை ஒரு கையிலும் ரப்பர் பேண்டை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு எங்கள் பிரிவுத் தலைவர் அறைக் கதவைத் தட்டினார்.

உள்ளே என்ன பேசினார்கள் என்பது பாதிதான் என் காதில் விழுந்தது. பிரகாஷைக் கூப்பிட்டார்கள். "லேபிள் கரெக்டா இருந்துச்சு சார், சத்தியமா" என்று அவன் குரல் கேட்டது. "அவன்மேல தப்பில்ல சார், லேபிள் சரியாத்தான் இருந்துச்சு. ரப்பர் பேண்டு என்னோடது. பாட்டில வெச்சதும் நான்" என்று அவர் குரல். பிறகு எல்லோரும் சேர்ந்து கீழே இறங்கினார்கள். என்னையும் சாட்சிக் கையெழுத்துக்காக வரச் சொன்னார்கள்.

சோதனை அறை சிறியது. ரிசர்வ் பாட்டிலின் டேப்பை எங்கள் தலைவரே கிழித்தார். பாட்டிலைக் கொண்டுவந்தவர் எதையும் தொடவில்லை, சுவரோடு ஒட்டி நின்றார். பிரகாஷ் நிறுத்தான், பெல்லட்டையும் கண்ணாடி மணிகளையும் ட்ரம்மில் போட்டான், சுவிட்சைத் தட்டினான். சின்ன இடத்தில் அந்த ஓசை ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுவதுபோல இருந்தது. தயாரிப்பு மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் ட்ரம்மைப் பார்ப்பதுமாக இருந்தார். தனசேகர் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்.

ட்ரம் நின்றதும் மணிகளைப் பிரித்தான். எடை போடுவதற்கு முன்னால், பழக்கத்தில், பிரகாஷ் கறுப்புத் துணியை விரித்து அதன் மேல் சல்லடையைத் தட்டினான். விபூதித் தட்டு கவிழ்ந்ததுபோல வெள்ளையாகக் கொட்டியது. அதன் பிறகு தராசு என்ன சொன்னது என்பது யாருக்கும் அவசியமாக இல்லை.

"போச்சுடா" என்றார் தனசேகர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அப்புறம் கதவைத் திறந்து தலையை நீட்டி, "அன்னிக்கே சொன்னேன் சார், மெஷின்ல காத்து சூடு ஜாஸ்தியா கீது, பூச்சு பொரிஞ்சிக்கினு வருதுன்னு. யாரு கேட்டீங்க?" என்றார்.

அடைத்த கேப்ஸ்யூல்கள் உட்பட அந்த பேட்ச் முழுவதும் நிறுத்தப்பட்டது. மெஷின் ஓடுவது நின்றபோதுதான் அது எவ்வளவு சத்தமாக ஓடியிருக்கிறது என்று தெரிந்தது. தயாரிப்பு மேனேஜர் வெளியே போகும்போது அவர் பக்கம் திரும்பி, "நல்ல வேளை கண்டுபிடிச்சீங்க மேடம். ஆனா உங்க பயம் வெச்ச பாட்டில்தான இவ்ளோ தூரம் கொண்டுவந்து விட்டுச்சு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சுவரோரம் நின்றவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அன்று மதியம் கேன்டீனுக்குப் போக நேரமாகிவிட்டது. கூட்டம் கலைந்திருந்தது. என் எதிரே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். பட்டாணி போட்ட சாதம். பிசைந்து, பெரிய பெரிய வாயாகச் சாப்பிட்டார். தனசேகர் தன் தட்டோடு வந்து பக்கத்து மேசையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார்.

"இன்னா மேடம், இன்னிக்கு பட்டாணிய அமுக்கவே இல்ல?"

"பசிக்குதுப்பா" என்றார்.

அவர் விரல்கள் அப்படி அசையாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. அவர் முகத்தில் இருந்தது நிம்மதி. அது நியாயமான நிம்மதிதான், குழந்தைகளின் சோற்றில் விழ இருந்தது விழவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது. பயந்ததற்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. அந்த முகம் தன்னுடையதாக இருந்ததுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அந்த வாரமே மெமோ வந்தது. சோதனை முடிந்த சாம்பிளை விதிக்குப் புறம்பாக வைத்திருந்ததற்குக் கண்டிப்பு, சோதனை அறையிலிருந்து கிடங்குக்கு மாற்றம். வேலை போகவில்லை, சம்பளத்திலும் கை வைக்கவில்லை. படித்துப் பார்த்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். நல்லதாப் போச்சு."

"இல்லப்பா" என்றார். "வேற ஏதோ பெருசா வெச்சிருக்காங்க." கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெமோவின் ஓரத்தை உரசத் தொடங்கிவிட்டன.

பெரிதாக எதுவும் வரவில்லை. நான் அங்கே இருந்தவரை அவர் கிடங்கில் லேபிள் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சோதனை அறையிலிருந்த கறுப்புத் துணியைப் பிரகாஷ் எடுத்துப் போடவில்லை, தோய்த்துக் காயப்போட்டுப் பயன்படுத்தினான்.

சில மாதங்களுக்கு முன்னால் ஐயப்பன்தாங்கல் டிப்போ வாசலில் அவரைப் பார்த்தேன். மெட்ரோ வேலைக்காகச் சாலையில் பாதியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். தகரத்து நிழலில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. ஆளை உடனே அடையாளம் தெரிந்தது, கையைப் பார்த்துத்தான். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மகன் வேலைக்குப் போகிறானாம். கணவருக்கும் ஏதோ வேலை கிடைத்திருக்கிறதாம். இதையெல்லாம் ஒரு புகாரைப்போலத் தணிந்த குரலில் சொன்னார்.

"நீ எப்பிடிப்பா இருக்கே? வீட்ல எல்லாம்?"

"எல்லாரும் நல்லா..." என்று ஆரம்பித்தேன். என் கையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் என் மணிக்கட்டில் மெல்ல உரசத் தொடங்கின. கண்கள் என் முகத்தில் எதையோ தேடின.

"எல்லாரும் இருக்காங்க" என்றேன். "எனக்குத்தான் முட்டி வலி. படி ஏறவே முடியல."

விரல்கள் நின்றன. "அப்படியா? டாக்டர்ட்ட காட்டினியா? வெந்நீர் ஒத்தடம் குடு. கீழ உக்காராத. இந்த வயசுல எல்லாருக்கும் வரதுதான், பயப்படாத" என்று வரிசையாகச் சொன்னார். குரல் தெளிந்துவிட்டது. பல நாள் பார்க்காத ஒருவரைப் பார்த்த மகிழ்ச்சி அப்போதுதான் அவர் முகத்துக்கு வந்தது.

பஸ் வந்தது. படிக்கட்டு வரை ஆட்கள். தயங்காமல் ஏறி, நெரிசலுக்குள் புகுந்து, எப்படியோ ஜன்னல் பக்கம் தலையைக் காட்டினார்.

"படி ஏறாதே!" என்று கத்தினார்.

ஏறமாட்டேன் என்று தலையாட்டினேன். நான் போக வேண்டிய பல் டாக்டர் எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்தார். லிஃப்ட் கிடையாது. பஸ் தகரத் தடுப்பைச் சுற்றித் திரும்பி மறையும்வரை நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். அப்புறம் சாலையைக் கடந்து படி ஏறினேன். எனக்கு முட்டி வலி கிடையாது.